உட்கார முடியாத பிப்ரவரி

உருகிய பனி இரவில் மறுபடி உறைந்திருந்தது.
தார்த்து நகரில், தோமே குன்றின் சரிவில்,
இருபத்திரண்டு ஆண்டு எலும்பு எண்ணிய நான்
என் தொழிலின் மேலேயே
தொப்பென்று உட்கார்ந்தேன்.

எக்ஸ்ரே அறையில் கைதோ என்ற பையன்
எங்கே வலிக்கிறது என்றான்.
திரிகத்தில், மூன்றாம் துண்டுக்கும் நான்காவதுக்கும் நடுவே,
குறுக்காக.
படத்தைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்.
"அப்புறம் எதற்கு இங்கே வந்தீர்கள்?"

நடுவில் ஓட்டை போட்ட மெத்தை ஒன்று கொடுத்தார்கள்.
அதிலும் முடியவில்லை.
ஆகவே நின்றபடியே வேலை.
உயர மேசை, வளையும் விளக்கு,
சாக்கடைக் குழாய் பதிக்கத் தோண்டியபோது
தேவாலயத்துக் கொல்லையிலிருந்து எழுந்து வந்த
நூற்றுப் பதினான்கு பேர், அட்டைப்பெட்டிகளில்.
முன்பெல்லாம் மண்டையோட்டில் தொடங்குவேன்.
இப்போது எல்லோரிடமும் முதலில்
இந்த எலும்பைத்தான் தேடுகிறேன்.
சுயநலம்தான்.

தலைகீழ் முக்கோணம்.
உள்பக்கம், தண்ணீர் அள்ளக் குவித்த கைபோல்;
முதுகுப்பக்கம் முண்டும் முடிச்சும்.
கீழ் நுனியில் சிறு வால், பாதிப் பேருக்குக் கிடைக்காது,
சல்லடையில் கூழாங்கல்லோடு போய்விடும்.

பிறக்கும்போது இது ஐந்து.
பதின்வயதில் கீழிருந்து ஒட்டத் தொடங்கி
இருபத்தைந்தைத் தாண்டினால் ஒன்று.
பெட்டி நாற்பத்தொன்றில் இருந்தவளுக்கு
முதல் துண்டுக்கும் இரண்டாவதுக்கும் இடையே
நகம் நுழையும் கீறல் இன்னும் இருந்தது.
சீட்டில் எழுதினேன்:
பெண். இருபது, மூன்று கூடலாம் குறையலாம்.
எழுதிவிட்டு, தேநீர் வைக்கப் போனேன்.

முன்னே எட்டுத் துளை, பின்னே எட்டு.
நரம்புகள் இறங்கும் வாசல்கள்:
தொடையின் பின்புறம், பாதத்தின் விளிம்பு,
சிறுநீரைப் பிடித்து வைக்கும் அந்தச் சிறு மானம்.
விழுந்த இரவு இரண்டு மணிக்கு
சுவரைப் பிடித்துக் கழிப்பறைவரை போய்ச் சேர்ந்தபோது
துளை துளையாக நன்றி சொன்னேன்.

பக்கத்துக்கு ஒரு காது.
நாங்கள் அப்படித்தான் அழைக்கிறோம், மடல்போல் இருப்பதால்.
இடுப்பெலும்பிலும் அதே வடிவக் காது;
காதோடு காது ஒட்டிக் கிடக்கும்.
தலை, நுரையீரல், மதியம் தின்ற உருளைக்கிழங்கு,
தோள்பை, மேல்கோட்டு
எல்லாம் இறங்கி வந்து இங்கேதான் பங்கு பிரியும்:
இடதுகாலுக்கு இவ்வளவு, வலதுக்கு இவ்வளவு.

வளைவின் உச்சிக்கல் மாதிரி என்று மாணவர்களுக்குச் சொல்வோம்.
சரியில்லை அது.
ஆப்பு மாற்றிச் செருகப்பட்டிருக்கிறது, முன்பக்கம் அகலமாக.
பாரம் ஏற ஏற உள்ளே நழுவத்தான் பார்க்கும்.
நழுவாமல் தொங்கவிட்டுப் பிடித்திருப்பவை
பின்னால் உள்ள நார்கள்.
நார் மண்ணில் தங்காது.
என் பெட்டிகளில் தாங்கப்பட்டது மட்டும் இருக்கிறது,
தாங்கியது இல்லை.

ஐந்தாம் வாரம், பெட்டி எண்பத்தெட்டு.
ஆண். ஐம்பதுக்கு மேல்.
மூன்றாம் துண்டுக்கும் நான்காவதுக்கும் நடுவே, குறுக்காக.
பழைய முறிவு, ஆறியது,
கீழ்ப்பாதி தூண்டில் முள்போல் முன்னே வளைந்தது.

கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றேன்.
ஏணியா, குதிரையா, இதே சரிவா?
ஓட்டை மெத்தை இல்லை உனக்கு.
ஞாயிறு பிரசங்கம் முழுக்க
பின்சுவரில் சாய்ந்து நின்றிருப்பாய்,
என்ன பக்தி என்று பேசியிருப்பார்கள்.

எங்கள் மொழியில் இதற்குச் சிலுவை எலும்பு என்று பெயர்.
லத்தீன்காரர்கள் புனித எலும்பு என்றார்கள்.
ஏன் என்று ஆளுக்கொரு கதை சொல்வார்கள்.
நான் அளவுகோலை எடுத்தேன்:
அகலம் நூற்றுப் பதினொன்று மில்லிமீட்டர்.

ஏழாம் வாரம் உணவறையில்
லூலே தன் சூப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள், வேண்டுமென்றே.
மர நாற்காலி.
இடது பக்கம் முதலில்.
பொறுத்து, வலது.
மேலே
எண்பத்தெட்டின் மூடியை
மூடாமல் வந்துவிட்டது ஞாபகம் வந்தது.
எழுந்திருக்கவில்லை.